வேஷம் இறக்குவது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கடைச் சாமான் சீட்டு எழுதுவேன், அவ்வளவுதான். பாதி மறந்தும் போகிறது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதற்கு முந்தினது ஞாபகம் வரும். வந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். முன்னே பின்னே இருந்தால் நீங்களே சரிபண்ணி வாசியுங்கள்.

எங்களுக்குத் தென்காசியில் நாடக டிரஸ் வாடகைக்கு விடும் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் தொடங்கியது. இப்போது மகன் பார்க்கிறான், நன்றாகவே நடக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழா நேரத்தில் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கிற மாதத்தில் சினிமாக்காரர்கள் வந்து, கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கென்று வேட்டியும் தலைப்பாகையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார்கள். கிழிசல் தைப்பது, துவைத்துக் காயப்போடுவது, இஸ்திரி போடுவது எல்லாம் நான். முன்பு நாடகம் நடக்கிற இடத்துக்கே போய்ச் சேலையும் கட்டிவிடுவேன்.

மேடைக்கு முன்னால் உட்கார்ந்து நான் நாடகம் பார்த்தது குறைவு. மேடைக்கு இரண்டு பக்கமும் மறைப்பாகத் துணி தொங்குமே, விங் என்பார்கள், அதற்குப் பின்னால் நின்று பார்த்ததுதான் எல்லாம். அங்கே இருந்து பார்த்தால் ராஜாவின் முதுகு தெரியும். முதுகில் நான் குத்திவிட்ட ஊக்கு தெரியும். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. நான்கு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம்.

விங்குக்குப் பின்னால் பேசுகிற பேச்சே தனி. விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். கிரீடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. பெட்டியின் மேல் வைக்க வேண்டும், பெட்டி இல்லாவிட்டால் யாராவது மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் எத்தனையோ ராஜாக்களின் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு மிக்சர் தின்றிருக்கிறேன்.

சாவு வருகிற நாடகம் என்றால் கட்டுத்திட்டம் இன்னும் அதிகம். பிணமாகக் கிடப்பவரின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது. அது நிஜப் பிணத்துக்குச் செய்வது. பாடை கட்டினால் ஒரு முடிச்சைக் குறைத்துக் கட்ட வேண்டும். மேடையில் தாலி கட்டினாலும் இரண்டு முடிச்சுத்தான், மூன்றாவதைச் செருகி விட்டுவிடுவார்கள். எல்லாவற்றிலும் ஒரு குறை வைக்க வேண்டும். முழுசாகச் செய்துவிட்டால் அது எங்கேயோ போய் நிஜமாகிவிடும் என்று பயம்.

மேடைத் தாலிக்கு அந்த இரண்டு முடிச்சைப் போடுவது என் வேலையாக இருந்தது. வீட்டுக்காரர் தவறின பிறகு அதை விட்டுவிட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஆண்டு விழாவில் கல்யாணப் பெண் வேஷம் போட்ட பிள்ளையின் கழுத்துக்கு மஞ்சள் கயிற்றைக் கொண்டுபோனேன். பக்கத்தில் நின்ற அவள் அம்மா என் கையைப் பார்த்தாள். பார்த்தது மட்டும்தான். நான் கயிற்றை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நாடகம் நடக்கிற இடத்துக்குப் போவதையே குறைத்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது போன குற்றாலச் சீசனில் நடந்தது.

குத்துக்கல்வலசையில் ஒரு டீச்சர் இருக்கிறார்கள், ரிட்டயர் ஆனவர்கள். பெண்கள் குழு ஒன்று நடத்துகிறார்கள். குடித்துவிட்டு, வெள்ளம் வருகிற நேரத்தில் அருவியில் இறங்கிச் செத்துப்போகிற ஒரு ஆளைப் பற்றி அவர்களே நாடகம் எழுதினார்கள். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஐந்தருவி போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஆண் வேஷமும் பெண்களேதான். செத்துப்போகிற புருஷனாக, இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். நல்ல பருமன், குரல் தெருக்கோடி வரை கேட்கும். அவனுடைய பெண்டாட்டியாக, டீச்சர் தெருவில் ஒரு வீட்டு மருமகள். அவளுக்குக் கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆகவில்லை. புருஷன் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறான்.

கடைசிக் காட்சியில் பிணத்தைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். பெண்டாட்டி ஓடிவந்து விழுந்து அழ வேண்டும். மற்றப் பெண்கள் அவளுடைய பூவை எடுத்து, வளையலைக் கழற்றி, தாலியையும் எடுக்க வேண்டும்.

ஒத்திகை எங்கள் கடையின் பின்கட்டில்தான் நடந்தது. நான் ஒரு ஓரமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் சாயங்காலம் அந்த மருமகளின் மாமியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"எம் புள்ள கடலைத் தாண்டிக் கெடக்கான். கண்ணு முழிச்சு லாரி ஓட்டுதான். இவ இங்கன தாலியறுத்து வெளையாடுதாளாக்கும்?"

"அம்மா, அது நடிப்புதான..." என்றார்கள் டீச்சர்.

"நடிப்புன்னா நீங்க நடிங்களேன் டீச்சர். ஒங்க வீட்டு சார் பென்சன் வாங்கிக்கிட்டு நல்லாத்தான இருக்காவ?"

டீச்சரின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருத்தியும் யார் முகத்தையும் பார்க்காமல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இட்லிக் கடைக்காரி மட்டும் தரையில் பிணமாகக் கிடந்தபடியே சொன்னாள். "ஏட்டி, நான் எம்புட்டு நேரம் இப்படிச் செத்துக் கெடக்கது? அழுவதுக்கு ஒருத்தி கெடைக்க மாட்டங்காளே. என்ன பாவம் பண்ணுனேன்!"

சிரிப்பு எழுந்து அடங்கியது. அதற்குள் டீச்சரின் பார்வை என் பக்கம் வந்துவிட்டது. "ஆச்சி, நீங்கன்னா..." என்று பாதியில் நிறுத்தினார்கள்.

மீதியை அந்த மாமியார் சொன்னாள். "ஆமா, யக்காவுக்கு இனி என்ன வரப்போவுது? அவிய போட்டா ஒரு தோசமும் கெடையாது."

"செத்தவனுக்கு வயசைக் கூட்டிருங்க டீச்சர். நான் நரைச்ச மீசை ஒட்டிக்கிடுதேன்" என்றாள் இட்லிக் கடைக்காரி.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் கையில் இருந்த மந்திரி கோட்டை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அந்த மருமகள் பீரோ ஓரத்தில் நின்றுகொண்டு, தாலியைச் சேலைக்குள் ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சத்தம் இல்லை. அவளைப் பார்த்தபோது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. தலைதான் ஆடியது.

அன்று வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு மஞ்சள் கயிற்றில் நான் கை வைத்தால் ஆகாது. அதை அறுக்கிற வேஷத்துக்கு மட்டும் நான் ஆவேன். இது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் தலையாட்டிவிட்டேன்.

நாடகத்தன்று மத்தியானத்திலிருந்தே சாரல். மண்டபத்தில் மணமகள் அறைதான் எங்களுக்கு மேக்கப் ரூம். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து மேக்கப் அண்ணாச்சி வந்திருந்தார். என் வீட்டுக்காரரோடு பழகினவர், என்னை மைனி, அதாவது அண்ணி, என்பார். மீசை ஒட்டுகிற கம் ஈரக் காற்றில் காயவே இல்லை. இட்லிக் கடைக்காரியின் மீசை ஒரு பக்கம் இறங்கி இறங்கி வந்தது.

"பேசாம இரும்மா. வாயைத் தொறந்தா மீசை வாய்க்குள்ளலா போவுது" என்றார்.

"செத்தவனுக்கு எதுக்கு அண்ணாச்சி மீசை?"

"செத்தவனுக்குத்தான் ஒழுங்கா ஒட்டணும். எல்லாரும் கிட்ட வந்து பாப்பாவள்லா."

பிறகு என்னை உட்காரவைத்தார். முகத்துக்கு மாவு பூசி, மை இட்டு, நெற்றியில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். அந்த மருமகள் என் தலையில் பூ வைத்து, கையில் கண்ணாடி வளையல் போட்டாள். சின்னக் கை என்பதால் லேசாக ஏறிவிட்டன. மீசையும் பனியனுமாக இட்லிக் கடைக்காரி வந்து என் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினாள். இரண்டு முடிச்சு. மூன்றாவதைச் செருகினாள். புதுக் கயிறு கழுத்தில் அரிக்கும். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். போகஸ் விளக்கு முகத்தில் அடித்ததும் முன்னால் இருந்த ஜனங்கள் ஒருவரும் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் நான்கும் மறந்துபோயின. விங்கில் இருந்து டீச்சர் எடுத்துக்கொடுக்கிறார்கள். "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே, சொல்லுங்க ஆச்சி, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே..." எனக்குக் கேட்கிறது. வாய் திறக்கவில்லை.

பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அவளுடைய இரண்டு காலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கட்டுகிறதற்குச் சேர்த்து வைத்த மாதிரி இருந்தது. ஒட்டியிருக்கக் கூடாதே என்று நான் ஒரு காலை எடுத்துத் தள்ளி வைத்தேன். அது மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடியும் விலக்கினேன். நான் பழக்கத்தில் செய்தேன். முன்னால் யாரோ விம்முகிற சத்தம் கேட்டது.

பெண்கள் வந்தார்கள். பூவை எடுத்தார்கள். வளையலை ஒவ்வொன்றாக உருவினார்கள். ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் பிய்த்தார்கள். கயிற்றில் கை வைத்தார்கள். செருகினது இழுத்தவுடன் வந்துவிட்டது, மற்ற இரண்டு முடிச்சும் அதோடு நெகிழ்ந்துவிட்டன. நிஜத்தில் அவ்வளவு லேசாக வராது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்போதுதான் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வசனம் இல்லை, வெறும் சத்தம். அதன்மேல் படுதா விழுந்தது.

இப்போது வேஷம் இறக்குவதைச் சொல்ல வேண்டும். பிணமாகக் கிடந்தவரையும், தாலி அறுத்த வேஷம் போட்டவரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவர்கள் தாங்களே முகம் கழுவிக்கொள்ளவும் கூடாது. இன்னொருத்தர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்து, அவர்களுடைய சொந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்புவார்கள். வேஷத்துக்கு ஒட்டுகிற பொட்டு வேறு, இது வேறு. இது ஆளுக்கு வைப்பது. எங்கள் பக்கத்து நாடகக்காரர்கள் இதைத்தான் வேஷம் இறக்குவது என்பார்கள். இறக்காமல் போனால் அந்த வேஷம் கூடவே வரும், வீட்டுப்படி ஏறும் என்று நம்பிக்கை.

அண்ணாச்சி முதலில் இட்லிக் கடைக்காரிக்கு இறக்கினார். மீசையை எடுத்து, முகத்தைத் துடைத்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இருக்கேன்... இருக்கேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில், மண்டபத்தில் எழுந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்களாம். குங்குமம் வாங்கிக்கொண்டு வடை எங்கே என்று தேடிப் போய்விட்டாள்.

அடுத்தது நான் என்று டிரஸ் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி எண்ணெய்ப் பாட்டிலை மூடினார். பஞ்சைச் சுருட்டிப் போட்டார். மேக்கப் பெட்டியைப் பூட்டினார். டீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆச்சி, எல்லாரையும் அழ வச்சிட்டீங்க. வேன் வந்துட்டு, கெளம்புவோமா?"

அந்த மருமகள் மட்டும், "ஆச்சிக்கு எறக்கலையே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவியளுக்கு எறக்குறதுக்கு என்ன இருக்கு? எல்லாந்தான் மேடையிலயே எடுத்தாச்சுல்லா" என்றாள் சேலை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

அவள் சொன்னதும் சரிதான். பூ இல்லை, பொட்டு இல்லை, வளையல் இல்லை. வரும்போது எப்படி இருந்தேனோ அப்படித்தான் இருந்தேன். வேஷமும் நானும் பார்க்க ஒன்றுபோல் இருந்ததால் என்மேல் ஒரு வேஷம் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மேடையில் அந்தச் சத்தம் போட்டவள் வேறு ஒருத்தி. குடித்து அருவியில் போன யாரோ ஒருவனின் பெண்டாட்டி. என் துக்கத்தை நான் ஒருமாதிரி மடித்து வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டியிருக்கிறேன். அவளுடையதையும் தூக்கிக்கொண்டு வீட்டுப்படி ஏற என்னால் முடியாது.

டீச்சர் கையை இழுக்கிறார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு எறக்கல" என்றேன்.

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. வாசல்வரை போயிருந்த அண்ணாச்சி நின்றார். திரும்பி வந்து, பெட்டியைத் திறந்து, பஞ்சில் எண்ணெய் ஊற்றினார். "தப்புதான் மைனி" என்று மட்டும் சொன்னார். நெற்றியிலிருந்து தாடை வரை துடைத்தார். மாவும் மையும் சேர்ந்து பஞ்சு கறுத்துப்போயிற்று. பிறகு கூப்பிட வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மைனி, ஒங்க பேரு என்ன?"

அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் அந்த மருமகளைப் பார்த்தார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாருக்கும் நான் டிரஸ் கடை ஆச்சி. என் வீட்டுக்காரருக்கு நான் "ஏட்டி". மகனுக்கு அம்மா. நான் அண்ணாச்சியின் காதுக்குப் பக்கத்தில் என் பேரைச் சொன்னேன். இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

அவர் நிமிர்ந்து நின்று, நாடகக்காரர் குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. அந்தப் பேரை யாராவது அப்படி உரக்கக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுத்தபோதுதான். வாய் தானாக அதையே சொல்லிவிட்டது. வடையோடு திரும்பி வந்திருந்த இட்லிக் கடைக்காரி புரையேறிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய் முகத்தில் அது நிற்காமல் வழிந்தது.

குங்குமம்தான் பாக்கி. அண்ணாச்சி டப்பாவைத் திறந்து விரலால் தொட்டார். விரல் பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது. எனக்கு எது சரி என்று தெரியாது.

நாடகம் பார்க்க வந்து, வேனுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த மாமியார் உள்ளே வந்தாள்.

"இங்கன கொண்டாரும், நான் வைக்கேன்" என்று அண்ணாச்சி கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். டீச்சர் ஏதோ சொல்ல வந்தார்கள். "சும்மா இருங்க டீச்சர். எம் மருமவ வேசத்தை யக்கா வாங்கிச் சொமந்துருக்காவ. எறக்காம அனுப்புனா அது எங்க வீட்டு நடையிலதான் வந்து நிக்கும்."

என் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் நெற்றியில் அழுத்தி வைத்தாள். பயத்தில்தான் வைத்தாள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்துவிட்டு, மூக்கில் உதிர்ந்த குங்குமத்தைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டாள். "சரி யக்கா, இப்பம் போவோம்" என்றாள்.

வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. நெற்றியை நான் மறைத்துக்கொள்ளவில்லை. துடைக்கவும் இல்லை. வீட்டில் என் மருமகள்தான் கதவைத் திறந்தாள். நெற்றியைப் பார்த்தாள், பிறகு என் கண்ணைப் பார்த்தாள். "தோசை ஊத்தட்டுமா அத்த?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் எப்போதும்போலக் குளித்தேன். தேய்க்கவில்லை. தண்ணீரோடு அது போயிற்று. மேடையில் சத்தம் போட்ட அந்த இன்னொருத்தி எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. இதுவரை ஏறவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் நாடகத்தில் பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். முறை எல்லாம் நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று பாருங்கள். பேரைக் கூப்பிடுவது துடைப்பதற்கு முந்தியா பிந்தியா என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. "இருக்கேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "உள்ளேன் ஐயா" என்று சொன்னது செல்லுமா என்றும், புருஷன் இல்லாதவளுக்கு வேஷம் இறக்கும்போது குங்குமம் உண்டா, திருநீறா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள். அண்ணாச்சியைக் கேட்டால் எல்லாம் செல்லும் மைனி என்கிறார். அவர் எங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டியவர், அப்படித்தான் சொல்லுவார். எங்களைத் தெரியாத ஒருத்தர் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.